பார்க்கிற ஏரியும் பாய்கிற ஏரியும்

சித்திரை பிறந்து, சம்பாத் தரிசில் போட்ட உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்துவிட்டால் நம் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பும். "எங்கயாவது குளுகுளுன்னு ரெண்டு நாள் போயிட்டு வரலாமா?" போன கோடையில் புவனகிரி வட்டாரத்து உழவர்கள் பதினான்கு பேர் சேர்ந்து நீலகிரிக்குப் போனோம். முதல் நாள் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட், பீட்ரூட் தோட்டங்கள். அடுத்த நாள் ஏரிகள்: ஊட்டி, எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா.

அந்த ஏரிகளின் அழகை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். உழவன் கண்ணில் பட்ட சிலவற்றை மட்டும் இங்கே விளக்கப் பார்க்கிறேன். மலைமேல் இருக்கிற ஏரிக்கு என்ன ஆனால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஒன்று, அந்தத் தண்ணீருக்கும் நமக்கும் தொடர்பு இருக்கிறது. இரண்டு, அங்கே நடந்தது நம் ஏரிகளிலும் நடக்கலாம்.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

சுற்றுலா வருகிறவர்கள் "லேக்" என்று சொல்கிற இடங்களில் பெரும்பாலானவை இயற்கையான ஏரிகள் அல்ல. ஊட்டி ஏரி 1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்துக் கட்டியது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். பைக்காரா மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. மற்ற மூன்றும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த குந்தா திட்டத்தில் சேர்ந்தவை. படகு விடுவது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட வேலை.

ஊட்டி ஏரி வடிந்தால் சாண்டிநல்லா நீர்த்தேக்கம். காமராஜ் சாகர் என்பதும் அதுவே. அங்கிருந்து மின் நிலையம் வழியாக மாயாறு. மாயாறு பவானிசாகரில் சேர்கிறது. குந்தா பக்கத்துத் தண்ணீர் பில்லூர் அணைக்கு வந்து, கோவைக்குக் குடிநீராகி, மீதி பவானியில் இறங்குகிறது. பவானி கூடுதுறையில் காவிரி. முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடம். கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணம். அங்கிருந்து மதகு திறந்தால் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், புவனகிரி வட்டாரத்து வயல்.

வீராணத்துக்கு வருவதில் பெரும் பங்கு மேட்டூர்த் தண்ணீர்தான். நீலகிரித் தண்ணீரின் பங்கு சிறியது. வழியில் எத்தனையோ பாசனம், எத்தனையோ ஊர். ஆனாலும் பவானி நன்றாக ஓடுகிற வருடத்துக்கும் ஓடாத வருடத்துக்கும் கொள்ளிடத்தில் வித்தியாசம் தெரியும். மலை உச்சியில் ஒருவர் படகில் உட்கார்ந்து பார்க்கிற தண்ணீர், கீழே ஒருவர் மடை திறந்து பாய்ச்சுகிற தண்ணீர். இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு மூடாக்கு

இயற்கை விவசாயம் செய்கிற நமக்கு மூடாக்கு என்றால் தெரியும். இலை தழை போட்டு மண்ணை மூடினால் மழை அடித்துக்கொண்டு ஓடாது, ஈரம் நிற்கும், மண்புழு வேலை செய்யும். நீலகிரியில் அந்த மூடாக்கை இயற்கையே போட்டு வைத்திருந்தது. மேட்டில் புல்வெளி, பள்ளத்து மடிப்பில் சோலைக்காடு. மேட்டில் விழுந்த மழையைப் புல்லின் வேர் இழுத்து மண்ணுக்குள் விடும். சோலையில் உதிர்ந்து மட்கிய இலைமண் அதைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் மாதக் கணக்கில் ஓடையாகக் கசியவிடும். கோடையிலும் ஓடையில் தண்ணீர் நின்றது இப்படித்தான்.

இந்த மூடாக்கைக் கிழிக்கத் தொடங்கியது வெள்ளைக்காரன் காலம். தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரம் என்று புல்வெளியில் ஏற்றினார்கள். தோடர்களின் எருமை மேய்ந்த நிலம் சுருங்கியது. மிச்சம் இருந்ததை இப்போது சாலையும் காட்டேஜும் கிழிக்கின்றன. ஏரி தெரிகிற மாதிரி அறை வேண்டும் என்றால் சரிவை வெட்டித்தான் கட்ட வேண்டும். வெட்டிய சரிவு மழையைப் பிடிக்காது, கீழே தள்ளும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படிப்பட்ட மழையை வாங்கிக்கொள்ளக் காடு வேண்டும். தார்ச்சாலையும் சிமெண்டும் வாங்காது.

காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை என்று ஒரு காடு. 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள கிராமங்களுக்கு அதுதான் தண்ணீர்த் தாய்மடி. உள்ளூர் மக்கள் நின்று காத்த அந்தச் சோலை 2024இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது.

மே மாதத்துக் கணக்கு

உச்ச சீசனில் நாளொன்றுக்கு சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாக 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்கு கொடுக்கப்பட்டது. வண்டிக்குச் சராசரி மூன்று பேர் என்று வைத்தாலும் 60,000 பேர். 2011 கணக்கெடுப்பில் உதகமண்டலம் நகராட்சியின் மக்கள்தொகையே சுமார் 88,000. அதாவது தினமும் இன்னொரு பாதி ஊட்டிக்கு மேல் மலையேறி வருகிறது.

அவர்களில் 10,000 பேர் மட்டும் இரவு தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்கும் விடுதிக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. மொத்தம் 18 லட்சம் லிட்டர். நம் கணக்கில் ஒரு ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, 9 ஏக்கருக்கு ஒரு தண்ணி.

"இவ்வளவுதானா?" என்று எங்களோடு வந்த ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அளவில் இது பெரிசில்லைதான். இரண்டு விஷயத்தில் பெரிசு. முதலாவது, காலம். ஏப்ரல், மே மாதத்தில்தான் மலையில் தண்ணீர் மிகக் குறைவு, அப்போதுதான் கூட்டம் மிக அதிகம். ஊட்டி நகரத்துக்குத் தண்ணீர் தருகிற பார்சன்ஸ் வேலி முதலான தேக்கங்கள் வற்றி நிற்கிற நேரத்தில் விடுதிக்கு லாரி தண்ணீர் ஓடுகிறது. அந்த லாரி எங்கோ ஓர் ஊற்றில், எங்கோ ஒரு கேரட் தோட்டத்துக் கிணற்றில் இருந்துதான் வர வேண்டும். இரண்டாவது, போன தண்ணீர் என்னவாகத் திரும்புகிறது என்பது. குடித்தது, குளித்தது, கழுவியது எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 80 பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியியல் கணக்கு. 18 லட்சத்தில் 14 லட்சத்துக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் தினமும் 120 லாரி.

நாங்கள் தங்கிய விடுதியில் வேலை செய்த தம்பியிடம் கேட்டேன். "கக்கூஸ் தண்ணி எங்கப்பா போகுது?" அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே சரிவைக் காட்டினான். "அந்தப் பக்கம் ஓடை இருக்குங்க சார்." அவ்வளவுதான் பதில். சமவெளியில் செப்டிக் டேங்க் கட்டினால் ஊறி இறங்க மண் இருக்கிறது. மலைச்சரிவில் ஊறுகிற தண்ணீர் பக்கவாட்டில் நடந்து, கொஞ்ச தூரத்தில் அடுத்தவன் ஊற்றில் எட்டிப் பார்க்கும்.

எரு எப்போது நஞ்சாகிறது?

ஊட்டி நகரத்துக் கழிவைச் சுமந்துகொண்டு கோடப்பமந்து கால்வாய் ஏரியில் வந்து சேர்கிறது. பல வருடமாகத் தூர் வாருவதும், ஆகாயத்தாமரை எடுப்பதும், மறுபடி அது மண்டுவதுமாக இருக்கிறது. இதன் இயக்கம் நமக்குப் புரியாததல்ல.

கழிவுநீரில் இருப்பது என்ன? தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். நாம் சாணத்தையும் கோமியத்தையும் தேடித் தேடி வயலில் சேர்க்கிறோம், அதே சத்து. வயலில் அதை வாங்கப் பயிர் இருக்கிறது, மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கிறது. ஏரியில் விழுந்தால் அதை வாங்குவது பாசியும் ஆகாயத்தாமரையும். மேலே பச்சைப் போர்வை விழும், கீழே வெளிச்சம் போகாது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் செத்து மிதக்கும், தண்ணீர் நாறும். அடியில் படிகிற சேற்றில் மணிச்சத்து தங்கிப்போவதால், கழிவு வருவதை நிறுத்தினாலும் சில வருடத்துக்கு அது மேலே கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆகாயத்தாமரையை மட்டும் வாரிக் கொட்டுவது, உப்பு போட்ட வயலில் பூச்சிக்கு மருந்து அடிப்பது மாதிரி. காரணம் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய ஊட்டி ஏரி சுமார் 65 ஏக்கர். ஆதியில் இதைவிடப் பெரியது. குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் நிற்பது ஏரியாக இருந்த இடத்தில். ஏரியைப் பார்க்க வருகிறவனை இறக்கிவிட ஏரியிலேயே இடம் எடுத்திருக்கிறது.

வரவு யாருக்கு, பற்று யாருக்கு?

வங்கியில் பேரேடு எழுதியே வயசான கை, அதனால் எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. சுற்றுலாவில் வரவு இருக்கிறது, பொய்யில்லை. டிரைவர், சுக்கு டீ விற்கிற அம்மா, வர்க்கி சுடுகிற அடுப்பங்கரை, சாலையோரம் கேரட் கட்டு விற்கிற விவசாயி என்று எத்தனையோ குடும்பம் அதில் சோறு சாப்பிடுகிறது. ஆனால் ஒரு பயணி செலவழிக்கிற பணத்தில் பெரும் பகுதி அறை வாடகை. அறையின் முதலாளி பெரும்பாலும் மலைக்காரர் அல்ல. ஆன்லைன் பதிவுக்கான கமிஷன் மலையைத் தொடாமலே போய்விடும். பற்றுப் பத்தியில் இருப்பது குப்பை, சாக்கடை, தண்ணீர்த் தட்டுப்பாடு, நெரிசலில் நிற்கிற ஆம்புலன்ஸ். அது முழுக்க உள்ளூர்க்காரர் கணக்கில்.

எல்லாவற்றையும்விட ஆழமான பற்று நிலத்தின் விலை. ஒரு ஏக்கரில் செலவு போக வருடம் 50,000 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 8 சதவீத வட்டிக் கணக்கில் விவசாய நிலமாக அதன் மதிப்பு ஆறேகால் லட்சம். அதே ஏக்கரில் நின்றால் ஏரி தெரிகிறது என்பதற்காக 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். இப்போது அந்த விலைக்கு வாங்கி எவனும் கேரட் போட முடியாது. 60 லட்சத்துக்கு வட்டி மட்டும் வருடம் 4 லட்சத்து 80 ஆயிரம். எந்தப் பயிர் அதைக் கட்டும்? அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஒருவன் விவசாயம் தொடர்கிறேன் என்றால் மற்றவன் பங்குக்கு 60 லட்சக் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும். முடியாது. விற்பார்கள். மண் சத்து கெடாமலே, மழை பொய்க்காமலே விவசாயம் அந்த ஊரில் முடிந்துபோகும். கேத்தியில் நாங்கள் பார்த்த தோட்டக்காரர் ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "எங்க நெலத்துக்கு வெல இருக்குங்க, வெளையறதுக்குத்தான் வெல இல்ல."

ஒரு கொல்லையில் எத்தனை ஆடு?

பத்து ஆடு மேய்கிற கொல்லையில் ஐம்பது ஆட்டை விட்டால் என்ன ஆகும்? முதலில் புல் போகும், பிறகு வேர் போகும், பிறகு மண் போகும். அடுத்த வருடம் அந்தப் பத்து ஆட்டுக்கும் இருக்காது. ஓர் இடம் தாங்கக்கூடிய அளவு என்பது இதுதான். இதைத் தாங்கு திறன் என்கிறார்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இதைக் கணக்கிட வேண்டும் என்ற பேச்சு நீதிமன்றம் வரை போனது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக்கே வரம்பு: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிக்கும் விலக்கு. தாங்கு திறனைக் கணக்கிடும் ஆய்வு சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு ஐ.ஐ.எம். ஆகிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வரம்பு வந்த மறுநாளே நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் பயத்தையும் ஒதுக்க முடியாது. ஐம்பது வருடமாக ஊரே ஒரே பயிரை நம்பி நின்றது, இப்போது அந்தப் பயிருக்குத் தண்ணீர் குறைக்கிறார்கள். ஒற்றைப் பயிர்ச் சாகுபடியின் ஆபத்து நமக்குத் தெரியும். சுற்றுலாவும் அப்படிப்பட்ட ஒற்றைப் பயிர்தான். கொரோனா காலத்தில் மலை முழுக்க ஒரே நாளில் வருமானம் நின்றதைப் பார்த்தோம்.

இ-பாஸ் நல்ல தொடக்கம். ஆனால் அது வண்டியை எண்ணுகிறது, கழிவை எண்ணவில்லை. 6,000 வண்டி வந்தாலும் கழிவு ஓடைக்கே போனால் ஏரி பிழைக்காது.

நெல் சுமந்த படகு

கேரளத்து வேம்பநாட்டுக் காயலிலும் இதே கதை, நெல் விவசாயிக்கு இன்னும் நெருக்கமாக. அங்கே ஆலப்புழையில் பயணிகள் ஏறுகிற படகு வீடு ஆதியில் என்ன தெரியுமா? கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகையைக் கட்டிச் செய்த, நெல் மூட்டை ஏற்றுகிற சரக்குப் படகு. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே பண்டு கட்டி நெல் விளைவிக்கிறார்கள். உலக உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் அதை உலகப் பாரம்பரிய வேளாண் முறையாக அறிவித்தது. நெல் சுமக்க வேலையில்லாமல் போன படகுக்கு ஏ.சி. போட்டுப் பயணி ஏற்றினார்கள். படகின் டீசலும் கக்கூஸ் கழிவும் அதே காயலில். அந்தக் காயல் தண்ணீரை நம்பித்தான் பக்கத்தில் நெல்லும் மீனும். வேம்பநாடு 2002இலேயே ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டது. பட்டியலில் இருப்பது மட்டும் காப்பாற்றாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் வீட்டு வாசலில்

இனி நம் பக்கம் வருவோம். பிச்சாவரம், வெள்ளாறும் கொள்ளிடமும் கடல் சேர்கிற இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2004 சுனாமியில் தன் பின்னால் இருந்த ஊர்களைத் தாங்கிக் காத்தது. 2022இல் ராம்சர் இடம் ஆனது. விடுமுறை நாளில் படகுத்துறையில் போய் நின்று பாருங்கள், கூட்டம் தெரியும். அந்தக் காட்டுக்கு உயிர், மேலேயிருந்து வருகிற நல்ல தண்ணீர். கான்சாகிப் வாய்க்கால் வழியாக நம் வயல் வடிகால்தான் அங்கே போகிறது. நல்ல தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறி மரம் காய்கிறது. நம் பக்கத்தில் அடிக்கிற களைக்கொல்லியும் அதே வழியில்தான் போகிறது. ஆகவே பயணி போடுகிற பிளாஸ்டிக்கை மட்டும் பேசிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. நஞ்சில்லாமல் வயல் செய்கிற ஒவ்வொருவரும் பிச்சாவரத்தைக் காக்கிற ஆள்தான்.

வீராணம் வேறு வகை. பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் ராஜாதித்தன் காலத்தில் வெட்டியது. கரை மட்டும் 16 கிலோமீட்டர். முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1.465 டி.எம்.சி., ஆயக்கட்டு சுமார் 45,000 ஏக்கர். 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் போகிறது. 'பொன்னியின் செல்வன்' கதை தொடங்குவதே இந்த ஏரிக்கரையில்தான். அது படமாக வந்த பிறகு கரையில் காரை நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்கள் கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். வரட்டும், நம் முன்னோர் வேலையைப் பார்க்கட்டும். ஆனால் "படகு விட்டா என்ன, கரையில ரிசார்ட் வந்தா என்ன" என்று டீக்கடையில் அவ்வப்போது பேச்சு வருகிறது. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பார்க்கிறவனுக்கு ஏரி எப்போதும் நிறைந்து நிற்க வேண்டும். படகு மிதக்க வேண்டும், போட்டோவில் நீலம் தெரிய வேண்டும். பாய்ச்சுகிறவனுக்கு ஏரி நிறைய வேண்டும், சம்பாவுக்குத் திறக்க வேண்டும், வடிய வேண்டும், கோடையில் காய வேண்டும். காய்ந்தால்தான் தூர் வாரலாம், வண்டல் எடுத்து வயலில் கொட்டலாம், மாடு மேயும், மதகைப் பழுது பார்க்கலாம். படகுத்துறைக்கு முதல் போட்டவர் கோடையில் ஏரி காய்வதை விரும்ப மாட்டார். இன்றைக்குச் சிறு குரலாக இருப்பது நாளைக்கு "மதகைக் கொஞ்சம் தள்ளித் திறங்க" என்று கேட்கிற குரலாகும். ஏற்கெனவே சென்னைக்கும் வயலுக்கும் பங்கு வைக்கிற ஏரியில் மூன்றாவது பங்காளி வருவதைப் பற்றிய கேள்வி இது.

சட்டம் காக்குமா என்றால், பாதிதான். 2017 ஈரநில விதிகள் ராம்சர் இடங்களில் கழிவு விடுவதையும் கரையை ஒட்டி நிரந்தரக் கட்டடம் கட்டுவதையும் தடுக்கின்றன. பிச்சாவரத்துக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகளுக்கு அந்த விதியில் விலக்கு. வீராணம் அந்த விலக்கில்தான் வரும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆயக்கட்டுக்காரர் விழித்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஊருக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. உழவனும் நாலு இடம் பார்க்க வேண்டும். போகும் விதத்தில் சில மாற்றம் போதும்.

1. ஏப்ரல், மே உச்சத்தில் மலைக்குப் போவதைத் தவிர்க்கலாம். நமக்கு வேலை ஓய்கிற வேறு நாட்கள் உண்டு. குழுவாகப் போனால் பேருந்தில் போகலாம்.

2. தங்குமிடம் பேசும்போது வாடகை கேட்பதுபோல "கழிவு எங்கே போகிறது, குப்பை யார் எடுக்கிறார்கள்" என்றும் கேட்க வேண்டும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

3. தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே. நீலகிரியில் தமிழ்நாட்டின் மற்ற பகுதிக்குப் பல வருடம் முன்பே பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த உழைப்பை மதிக்க வேண்டும்.

4. வாங்குவதை விவசாயியிடம் நேராக வாங்குங்கள். பயணியின் பணம் அந்த மண்ணில் தங்க அதுதான் குறுக்குவழி இல்லாத வழி.

5. நம்மில் சிலர் பண்ணைச் சுற்றுலா தொடங்க நினைக்கிறார்கள். நல்ல யோசனை, மூன்று கட்டுப்பாட்டோடு. பண்ணை வருமானம்தான் முதல், விருந்தாளி வருமானம் மேல்வரும்படி. கோடையில் நம் கிணறு எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஓர் ஆளும் கூடாது. கக்கூஸ் கழிவை எருவாக்கும் ஏற்பாடும், குளியல் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுகிற பாத்தியும் முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பினால், தவணை கட்டுவதற்காகக் கூட்டம் சேர்க்க வேண்டிவரும். அப்புறம் வரம்பு நம் கையில் இருக்காது.

6. ஏரி, குளத்தை அழகுபடுத்தும் திட்டம் எதுவும் நம் ஊருக்கு வந்தால், கிராம சபையில் கேட்க வேண்டியவை இவை: மதகு திறக்கும் நாளை யார் முடிவு செய்வார்? கோடையில் தூர் வாரவும் வண்டல் எடுக்கவும் தடை வருமா? கழிவுக்கு என்ன ஏற்பாடு? நடைபாதைக்கும் பார்க்குக்கும் நீர்ப்பரப்பில் எத்தனை சென்ட் போகிறது? வருமானத்தில் ஏரிப் பராமரிப்புக்கு எவ்வளவு? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வீராணத்து ஆயக்கட்டில் இருக்கிற ஒவ்வொரு ஊராட்சியிலும் அன்றைக்கு ஒரு தீர்மானம் வர வேண்டும்: ஏரியில் எது செய்தாலும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் பிறகுதான். இரண்டே வரி. எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.